ஹோல்டர் டெஸ்ட்: விடுமுறையில் ஒரு முறை, பள்ளி நாளில் ஒரு முறை

இரவு வேலையெல்லாம் முடிந்து இடது பக்கமாக ஒருக்களித்துப் படுப்பேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நெஞ்சுக்குள் துடிப்பு சட்டென்று நின்றுபோகும். ஒரு கணம் எதுவுமே இருக்காது. அப்புறம் உள்ளேயிருந்து யாரோ முட்டியதுபோல் 'தொம்' என்று ஓர் அடி. பதறி எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்.

இது தை மாதம் தொடங்கியது. வாயு என்று நினைத்து ஓமம், இஞ்சி, பெருங்காயம் என்று ஒரு மாதம் போனது. எனக்கு 47 வயது. என் அப்பா 58 வயதில், காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைக்கும்முன் சாய்ந்துவிட்டார். அந்த நினைவு இருக்கும் வீட்டில் நெஞ்சு ஒருமுறை துள்ளினாலே தூக்கம் போய்விடும். மாசி முடிவதற்குள் பள்ளியில் படியேறும்போதும் வர ஆரம்பித்தது. மதுரையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். ஏழாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து முறை ஏறி இறங்க வேண்டும்.

டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். எக்கோ எடுத்தார்கள். இதயம் சுருங்கி விரிவது நன்றாக இருக்கிறது, வால்வுகளும் சரி என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் மட்டும் 9.6. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வயிற்றைக் கட்டியதால் இரண்டே வாரத்தில் நானாக நிறுத்திவிட்டேன். அது தவறு. அதை டாக்டரிடம் சொல்லாமல் இருந்தது அதைவிடத் தவறு.

"எல்லாம் நார்மல்னா எனக்கு வர்றது என்ன டாக்டர்?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் ஈசிஜி தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இந்தத் தாள்ல இருக்கறது பத்து விநாடிதாம்மா. அந்தப் பத்து விநாடியில உங்களுக்கு வரலை, அவ்வளவுதான். வரவே இல்லைன்னு நான் சொல்லலை" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளில் 86,400 விநாடிகள். அதில் பத்து விநாடி என்பது ஒரு வருடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சமம். வருடத்தில் ஒரே ஒரு மணி நேரம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் சேட்டையே செய்வதில்லை என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா? அப்போதுதான் டாக்டர் எழுதிக் கொடுத்த ஹோல்டர் டெஸ்ட் எதற்கு என்று புரிந்தது. 24 மணி நேரமோ 48 மணி நேரமோ நெஞ்சில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்பையும் பதிய வைப்பது. நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அந்த லட்சத்தையும் பதிய வைத்தால், அவ்வப்போது வந்துபோகும் துள்ளல் எங்காவது அகப்படும்.

பள்ளிக்கு லீவு போட வேண்டாம் என்று மே மாத விடுமுறையில் நாள் குறித்தேன். நான் செய்த முதல் பிழை அதுதான். அது பிழை என்று தெரிய மூன்று வாரம் ஆனது.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் சக ஆசிரியை ஒருவர், "உடம்பெல்லாம் கரண்ட் வைப்பாங்களாமே" என்று கேட்டார். அப்படி எதுவும் கிடையாது. இதயம் துடிக்கும்போது அதுவே மிகச் சிறிய மின் அலையை உண்டாக்குகிறது. அது தோல்வரை வந்து சேர்கிறது. நெஞ்சில் ஒட்டும் எலக்ட்ரோடு ஸ்டிக்கர்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. கருவி நமக்குள் எதையும் அனுப்புவதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. வலி இல்லை, ஊசி இல்லை.

ஹோல்டர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். நார்மன் ஹோல்டர், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா நகரத்துக்காரர். 1940-களின் பிற்பகுதியில் அவர் செய்த முதல் கருவியின் எடை 85 பவுண்டு, அதாவது 38 கிலோவுக்கு மேல். அதை முதுகில் சுமந்துகொண்டு தன் இதயத் துடிப்பையே ரேடியோ வழியாக அனுப்பிக் காட்டினார். அதற்கு முன்னோடியான ஈசிஜியை உருவாக்கியவர் நெதர்லாந்தின் ஐந்தோவன். அவர் காலத்தில் நோயாளிகள் உப்புத் தண்ணீர் நிரம்பிய பாத்திரங்களில் கைகளையும் ஒரு காலையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதையெல்லாம் படித்த பிறகு, இடுப்பில் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டி மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

முதல் தடவை மாட்டிக்கொள்ளப் போன அன்று காலையில் குளித்துவிட்டு, வழக்கம்போல் மஞ்சள் பூசி, கழுத்தில் பவுடரும் போட்டுக்கொண்டு போனேன். ஸ்டிக்கர் பிடிக்க வேண்டுமென்றால் தோல் வெறுமையாக இருக்க வேண்டும். எண்ணெய், பவுடர், மஞ்சள், கிரீம் எதுவும் கூடாது. அங்கே டெக்னீஷியன் பெண் ஸ்பிரிட் வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆண்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் மட்டும் ரோமத்தை மழித்துவிடுவார்கள். பெண்கள் நாள் குறிக்கும்போதே, மாட்டிவிடப் பெண் டெக்னீஷியன் இருப்பாரா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கூச்சத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டால் ஸ்டிக்கர் சரியான இடத்தில் உட்காராது.

"அக்கா, செயினைக் கழற்றிடுங்களேன், வயர்ல மோதும்" என்றார் அந்தப் பெண். தாலிச் செயின். எனக்கு மனசு வரவில்லை. பின்பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்தேன். வயர் இழுபடுமோ என்று பயம். சமையலை அத்தை பார்த்துக்கொண்டார். காபி வேண்டாம் என்றேன். படி ஏறவில்லை, துணி துவைக்கவில்லை. இரவு அசையாமல் மல்லாந்தே படுத்திருந்தேன். மே மாத மதுரை வெயிலில் வியர்வை ஊறி, பின்னிரவில் ஒரு ஸ்டிக்கர் கழன்றிருக்கிறது. காலையில் எழுந்தபோதுதான் பார்த்தேன். கையில் கொடுத்திருந்த குறிப்புத் தாளில் நான் எழுதியிருந்தது மூன்றே வரிகள். மூன்றுமே 'படுத்திருந்தேன்'.

ரிப்போர்ட் வந்தபோது டாக்டர் முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டரை மணி நேரப் பதிவு படிக்கவே முடியாமல் இருந்தது. செயின் உரசிய இடங்களில் கோடு கிறுக்கலாக இருந்தது. மீதி நேரத்தில் துள்ளல்கள் மொத்தம் 41. "இது உங்க ஓய்வு நாளோட இதயம். எனக்கு வேண்டியது உங்க ஸ்கூல் நாள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் வகுப்பை அலங்கரித்து வைப்பதை நான் எவ்வளவு வெறுப்பவள். அதையேதான் என் நெஞ்சுக்கும் செய்திருந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டாவது வாரத்தில் மறுபடி நாள் குறித்தேன். இந்த முறை எல்லாவற்றையும் மாற்றினேன். செயினைக் கழற்றப் போகிறேன் என்று அத்தையிடம் முதல் நாளே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பூஜை அலமாரியிலிருந்து கயிற்றை எடுத்து, ஒரு விரலி மஞ்சளை அதில் கட்டி, சாமி படத்தின் முன் வைத்துவிட்டு என் கையில் கொடுத்தார். "இதைக் கட்டிக்க தாயி. நல்லபடியா பார்த்துட்டு வா" என்றார். எடையே இல்லாத அந்தக் கயிறு எந்த வயரிலும் படவில்லை. இதில் தயங்கி நிற்கும் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பக்கம் கொக்கி வைத்த தொளதொள பருத்தி ரவிக்கை போட்டுக்கொண்டேன். சுடிதார் போடுகிறவர்கள் முன்னால் பட்டன் வைத்த டாப்ஸ் போட்டுக்கொண்டால் கழற்றி மாட்டச் சுலபம். தலைவழியாக இழுத்துக் கழற்றும் உடை எதுவும் வேண்டாம். உள்ளாடை வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம், அதன் பட்டை ஸ்டிக்கரை உரசாமல் இருந்தால் போதும். மாட்டிய பிறகு கழற்றும்வரை குளிக்க முடியாது. அதனால் தலைக்கும் சேர்த்துக் காலையிலேயே குளித்துவிட்டுப் போனேன். வியர்வை பற்றி முன்கூட்டியே சொன்னதால் டெக்னீஷியன் ஒவ்வொரு ஸ்டிக்கர் மேலும் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, கழன்றால் மாற்ற நாலு ஸ்டிக்கர்களும் கொடுத்தார். எந்த வயர் எந்த இடத்தில் என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். கழன்றால் அதே இடத்தில் ஒட்ட உதவும்.

அப்புறம் இன்னொன்று. கருவியில் என்ன மணி காட்டுகிறது என்று கேட்டேன். என் கைக்கடிகாரத்தைவிட நாலு நிமிடம் முன்னால் இருந்தது. கைக்கடிகாரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன். யாரும் சொல்லித்தராத விஷயம் இது. நாலு நிமிடத்தில் இதயம் முந்நூறு முறை துடித்துவிடும். நாம் எழுதும் நேரமும் கருவியின் நேரமும் பொருந்தாவிட்டால், எந்தத் துடிப்பைப் பற்றி எழுதினோம் என்று டாக்டர் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

கருவியில் ஒரு பட்டன் உண்டு. நெஞ்சில் ஏதாவது தோன்றினால் உடனே அழுத்த வேண்டும். அதோடு எழுதவும் வேண்டும்: என்ன நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், எப்படி இருந்தது. இந்த மூன்றும் போதும். இந்த முறை ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்று வழக்கம்போல் இரண்டு காபி குடித்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். படி ஏறினேன். கரும்பலகையில் எழுதினேன். வேண்டுமென்றே ஓடவும் இல்லை, வேண்டுமென்றே உட்காரவும் இல்லை.

புடவைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த வயரை ஒரு பையன் கவனித்துவிட்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது. மறைப்பதில் அர்த்தமில்லை என்று பெட்டியை வெளியே எடுத்துக் காட்டினேன். டீச்சரின் நெஞ்சு எத்தனை முறை துடிக்கிறது என்று இது எண்ணுகிறது என்றேன். பிறகு அன்றைய பாடமே அதுவாகிவிட்டது. எல்லோரும் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி, அதை 4-ஆல் பெருக்கினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை, ஒரு வருடத்துக்கு எத்தனை என்று நோட்டில் போட்டார்கள். வகுப்பு முடிந்து போகும்போது ஒரு சிறுமி திரும்பி வந்து, "உங்களுக்கு எத்தனை மிஸ்?" என்று என் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்தாள். 84. அதையும் எழுதி வைத்தேன்.

இரவு 9.52. நோட்டில் நான் எழுதியது: 'இடது பக்கம் படுத்தேன். நின்றுபோனது. பிறகு ஒரு பெரிய அடி.'

நான்கு நாள் கழித்து அந்த 9.52-ஐ டாக்டர் எனக்குக் காட்டினார். வாழ்க்கையில் நான் மறக்காத பக்கம் அது. ஈசிஜி தாளில் சின்னக் கட்டம் ஒன்று 0.04 விநாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. என் துடிப்புகள் நாலு பெரிய கட்டத்துக்கு ஒன்று என்று வரிசையாக வந்துகொண்டிருந்தன. திடீரென்று, இரண்டரைக் கட்டத்திலேயே ஒரு துடிப்பு. மற்றவை ஒல்லியாக ஊசிபோல் இருக்க, இது மட்டும் அகலமாக, பருத்து, வேறு ஊர்க்காரன்போல் நின்றது. அதற்குப் பிறகு வெறும் கோடு. ஐந்தரைக் கட்டம். அப்புறம் மறுபடி ஒழுங்கான வரிசை. இரண்டரையும் ஐந்தரையும் எட்டு. இரண்டு துடிப்புக்கான நேரம் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒன்று முந்திக்கொண்டு வந்தும் என் இதயம் கணக்கைத் தவறவிடவில்லை.

டாக்டர் விளக்கினார். துடிப்புக்கான உத்தரவு இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் முடிச்சிலிருந்து வர வேண்டும். சில நேரம் கீழறையில் ஏதோ ஓரிடம் அதற்கு முன்பே முந்திக்கொண்டு துடித்துவிடும். இதற்கு எக்டோபிக் துடிப்பு என்று பெயர். ரத்தம் சரியாக நிரம்புவதற்கு முன்பே சுருங்குவதால் அந்தத் துடிப்பு நாடிவரை வந்து சேர்வதில்லை. நமக்கு 'நின்றுபோனது' என்று தோன்றுவது அதனால்தான். பின்வரும் இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிக்கொள்கிறது. அடுத்த துடிப்பு அதையெல்லாம் ஒரே மூச்சில் தள்ளுகிறது. நெஞ்சில் முட்டிய அந்த 'தொம்' அதுதான். அதாவது என்னை நடுங்க வைத்தது கெட்ட துடிப்பு இல்லை, அதற்குப் பின் வந்த நல்ல துடிப்பு. இடது பக்கம் படுக்கும்போது இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருக்கமாக வருவதால் அது கூடுதலாக உறைக்கிறது.

அந்த ஐந்தரைக் கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஐந்து மாதமாக என்னைத் தூங்கவிடாத இடம் இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

ரிப்போர்ட்டில் நிறைய எண்கள் இருக்கும். மொத்தத் துடிப்பு எனக்கு 1,08,214. சராசரி நிமிடத்துக்கு 75. அதிகபட்சம் 138, காலை படியேறிய நேரம். குறைந்தபட்சம் 51, அதிகாலை 3.40. இந்தக் குறைந்தபட்சத்தைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் துடிப்பு ஐம்பதுக்கு, ஏன் நாற்பதுகளுக்கு இறங்குவதுகூடப் பலருக்கு இயல்பு. எக்டோபிக் துடிப்புகள் 2,380. ஆயிரக்கணக்கில் பார்த்ததும் எனக்கும் பகீரென்றது. லட்சத்துக்கு மேல் உள்ளதில் அது நூற்றுக்கு இரண்டேகால்கூட இல்லை. எக்கோ நன்றாக இருக்கும்போது இந்த அளவு பயப்பட வேண்டியதில்லை என்றார். நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால், காலப்போக்கில் இதயத்தைத் தளர்த்தக்கூடும் என்பதால் கூர்ந்து கவனிப்பார்களாம். தொடர்ச்சியாக மூன்றோ அதற்கு மேலோ ஓடுகிறதா, இடைவெளி மூன்று விநாடிக்கு மேல் போகிறதா, மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறதா என்றும் பார்த்தார். எனக்கு எதுவும் இல்லை. இதில் கடைசியாகச் சொன்னது பக்கவாதத்துக்கு வழிவிடும் என்பதால் அதைக் கண்டுபிடிப்பது மிக முக்கியம்.

நோட்டில் எழுதியது இன்னும் இரண்டு இடங்களில் கை கொடுத்தது. காலை 6.05-க்கு, மிக வேகமான ஆபத்தான துடிப்பு என்று கணினி சிவப்பில் குறித்திருந்தது. என் நோட்டில் அந்த நேரத்துக்கு 'பல் தேய்த்தேன்' என்று இருந்தது. கை குலுங்கும்போது வயரும் தசையும் அசைந்து அப்படிக் காட்டுமாம். உற்றுப் பார்த்தால் அந்தக் கிறுக்கலுக்கு நடுவே இயல்பான துடிப்புகள் தெரிந்தன. இன்னொன்று, காலை 11.20. ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதாக எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 104, முழுக்க ஒழுங்கானது. ஒரு துள்ளல்கூட இல்லை. 'தோன்றியது, ஆனால் பதிவில் எதுவும் இல்லை' என்பதும் டாக்டருக்கு ஒரு தகவல்தான். அதனால் சந்தேகமாக இருந்தாலும் எழுதிவிடுங்கள்.

இந்த டெஸ்ட் சொல்லாததும் உண்டு. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது நேரடி வழி இல்லை. அதற்கு ட்ரெட்மில், ஆஞ்சியோகிராம் என்று வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மயக்கம் வருகிறவருக்கு 24 மணி நேரப் பதிவில் அது சிக்காமலே போகலாம். அவர்களுக்கு 14 நாள்வரை நெஞ்சில் ஒட்டியிருக்கும் பேட்ச் இருக்கிறது. தோலுக்கடியில் வைத்து ஆண்டுக்கணக்கில் பதியும் லூப் ரெக்கார்டரும் இருக்கிறது. முதல் ஹோல்டர் நார்மல் என்று வந்ததால் உங்களுக்கு வருவதெல்லாம் மனப்பிரமை என்று யாராவது சொன்னால், நேரம் போதுமானதாக இருந்ததா என்று திருப்பிக் கேளுங்கள். ஆனால் நெஞ்சு வலி தாடைக்கோ கைக்கோ பரவுகிறது, மூச்சு முட்டுகிறது, மயங்கி விழுகிறோம் என்றால் எந்த டெஸ்ட் தேதிக்கும் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். ஹோல்டர் மாட்டியிருக்கும்போது வந்தாலும் அப்படித்தான். அந்தக் கருவி பதியும், யாரையும் உதவிக்குக் கூப்பிடாது.

வேறு நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் அன்று எடுக்கலாமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நானாக நிறுத்திய கதையைத்தான் மேலே சொன்னேனே. அன்று எம்ஆர்ஐ ஸ்கேன் போன்றவற்றுக்கு நாள் குறிக்க வேண்டாம். கழற்றிய பிறகு ஸ்டிக்கர் பசை போகாமல் சிவந்து அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் போய்விடும்.

எனக்கு இதயத்துக்கென்று மாத்திரை எதுவும் தரவில்லை. ரத்தசோகை இருக்கும்போது இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும், அதை முதலில் சரி செய்வோம் என்று இரும்புச்சத்து மாத்திரையையே, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு வகையாக மாற்றி எழுதினார். இந்த முறை விடாமல் சாப்பிட்டேன். மாலைக் காபியை நிறுத்தினேன். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8-க்கு வந்தது. துள்ளல் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. ஒரு வருடம் கழித்து இன்னொரு எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த நோட்டு இன்னும் என் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போன வாரம் எழுதியது: 'இரவு 10.10. இடது பக்கம். ஒரு முறை.' எழுதிவிட்டு, திரும்பிப் படுக்காமல் அதே பக்கமாகத் தூங்கினேன்.